நூற்றைம்பத்தைந்தில் வேகும் கேக்

மானிப்பாயில் எங்கள் ஒழுங்கையில் கேக் நடுவில் இறங்கினாலும் சரி, மேலே வெடித்தாலும் சரி, அடி கருகினாலும் சரி, சொல்கிற காரணம் ஒன்றுதான்: "கரண்ட் காணாது." 2003இல் அதை மறுத்துப் பேச யாருக்கும் வாய் வராது. குடாநாடு அப்போது தீவின் மின்வலையோடு தொடர்பில்லாமல், டீசல் இயந்திரங்களை நம்பித் தனியே ஓடிக்கொண்டிருந்தது. பின்னேரம் எல்லா வீடுகளிலும் விளக்கு ஏறியதும் மின்விசிறி சோரும், குழல்விளக்கு பற்றமாட்டாமல் கண் சிமிட்டும். அப்படியான ஊரில் அடுப்பில் பிழை இருக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்?

பெரியம்மா கேக் அடித்து விற்றவர். விற்றவர் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "ஓடர் எடுக்கிறனான்" என்பார். பிறந்தநாளுக்கு பட்டர் கேக். கலியாணத்துக்கு ரவையும் கஜுவும் பூசணித் தோசியும் போட்ட ரிச் கேக். அதைச் சின்னத் துண்டுகளாக வெட்டி மினுங்கல் தாளில் சுற்றி, வந்த சனத்துக்குக் கொடுப்பார்கள். நாங்கள் சைவக்காரர். வெள்ளிக்கிழமையில் பெரியம்மா முட்டை உடைக்கமாட்டார். ஆனால் ஆண்டில் அவருக்கு நித்திரையே இல்லாத மாதம் டிசம்பர்தான். நத்தாருக்கு ஊரிலுள்ள வேதக்காரக் குடும்பங்களில் பாதிக்கு அவருடைய கேக்தான் போகும்.

எண்பதுகளில் அவரிடம் இருந்தது வட்டமான அலுமினிய மின்னடுப்பு. மூடியில் கண்ணாடி பதித்திருக்கும், உள்ளே சுருள்கம்பி. வெப்பத்தைக் கூட்டவோ குறைக்கவோ திருகி எதுவும் இல்லை. செருகினால் சூடு, பிடுங்கினால் இல்லை. எப்போது பிடுங்குவது என்பது பெரியம்மாவின் உள்ளங்கைக்குத் தெரியும். மூடிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கையைப் பிடித்துப் பார்ப்பார். 1990 ஜூனில் மறுபடி சண்டை தொடங்கி மின்சாரம் நின்றபோது அந்த அடுப்பு கட்டிலுக்கு அடியில் போனது. மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றரி, சீமெந்து என்று ஒவ்வொன்றாகத் தடைப்பட்ட காலம். சனம் கலியாணம் செய்வதை மட்டும் நிறுத்தவில்லை. ஓடர் வந்துகொண்டேயிருந்தது.

அப்போது அவர் கண்டுபிடித்தார் என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஊரில் பலர் அதையே செய்தார்கள். ஒரு பழைய கிடாரத்தின் அடியில் மூன்று விரல் உயரத்துக்கு மணல். கடலை வறுக்கிற அதே மணல்தான். மணலுக்கு மேலே ஒரு தகர வளையம், வளையத்தின்மேல் கேக் தட்டு. கிடாரத்தைத் தகரத்தால் மூடி, மூடிக்கு மேலே சிரட்டைக் கரித் தணல். கீழே ஒரு பங்கு நெருப்பென்றால் மேலே இரண்டு பங்கு. ஏனென்றால் கீழ்ச்சூடு தானாக மேலே ஏறும், மேற்சூட்டை வற்புறுத்தித்தான் கீழே இறக்கவேண்டும். விறகு கிடைக்காத நாட்களில் ஊமல். பனங்கிழங்கு கிண்டிய பாத்தியில் எஞ்சுகிற ஊமலைக் காயவைத்து எரித்தால் புகை அடங்கியபின் தணல் நெடுநேரம் நிற்கும்.

சூடு பதமா என்று அவர் பார்க்கும் விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மாஜரின் தகரத்தின் மூடியொன்றில் ஒரு நுள்ளு கோதுமை மாவைத் தூவி கிடாரத்துக்குள் வைத்து மூடுவார். வைத்துவிட்டுச் சிவபுராணம் சொல்லத் தொடங்குவார். தொண்ணூற்றைந்து அடி, அவருடைய வேகத்தில் ஐந்தாறு நிமிடம். முடியும்போது மூடியைத் தூக்கினால் மா பொன்னிறத்தில் இருக்கவேண்டும். வெள்ளையாக இருந்தால் மேலே இன்னும் தணல். மண்ணிறமாகிவிட்டால் தணலை வழித்துத் தள்ளிவிட்டு, புதிதாக மா தூவி, மறுபடியும் சிவபுராணம். ஒருநாள் மழைக்குள் ஈரக்கரியோடு மல்லுக்கட்டியபோது பெரியப்பா விறாந்தையிலிருந்து கேட்டார்: "இண்டைக்கு என்ன, முற்றோதலே?"

அதே பரிசோதனை மேல்நாட்டுப் பழைய சமையற் புத்தகங்களிலும் இருக்கிறது என்பதைப் பிறகு அறிந்தேன். வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் அடுப்பு 1920களுக்குப் பிறகுதான் அங்கே வீடுகளுக்குள் பரவியது. அதற்கு முன் அவர்களும் மாவைத் தூவினார்கள், வெள்ளைக் காகிதத்தை உள்ளே வைத்து எவ்வளவு நேரத்தில் நிறம் மாறுகிறது என்று பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தில் மா பொன்னிறமானால் நடுத்தரச் சூடு. இன்றைய கணக்கில் ஏறக்குறைய 180 பாகை. நேரத்தை அளக்க அவர்களுக்கு மணிக்கூடு, பெரியம்மாவுக்கு மாணிக்கவாசகர்.

பெரிய ஓடர் வந்தால் கிடாரம் போதாது. அப்போது பேக்கரிக்காரரின் போறணைதான் கதி. செங்கல்லால் கட்டி வளைத்த குகை. அதற்குள்ளேயே விறகை எரித்து, கல் சூடேறியதும் தணலை வெளியே இழுத்துவிட்டு, நனைத்த சாக்கைத் தடியில் கட்டி நிலத்தைத் துடைத்து, பிறகு பாணை அடுக்குவார்கள். நெருப்பு இல்லாத அடுப்பு அது. கல் குடித்து வைத்த சூடுதான் பாணைச் சுடுகிறது. பாணுக்குக் கடுஞ்சூடு வேண்டும். பாண் இறக்கியபின் மெல்ல மெல்லத் தணிந்துகொண்டு போகிற சூடு ரிச் கேக்குக்கென்றே செய்து வைத்ததுபோல இருக்கும். டிசம்பரில் விடியற்புறம் பேக்கரி வாசலில் தட்டுகளோடு பெண்கள் காத்து நிற்பார்கள். எந்தத் தட்டு போறணையின் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று பேக்கரிக்காரருக்கும் பெரியம்மாவுக்கும் இடையே நடந்த வாக்குவாதங்களில் நான் படித்ததைப் பள்ளிக்கூடத்தில் வெப்பக் கடத்தல் பாடத்தில்கூடப் படிக்கவில்லை.

1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது கிடாரம் வீட்டில் நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கிடாரமும் இல்லை, கட்டிலும் இல்லை, கட்டிலுக்கு அடியில் இருந்ததும் இல்லை.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து ஏ9 வீதி திறந்தது. அந்த ஆண்டே பெரியப்பா கொழும்பில் ஒரு மேசை அடுப்பு வாங்கி லொறியில் ஏற்றி அனுப்பினார். ஓமந்தையிலும் முகமாலையிலும் பெட்டியைத் திறந்து பார்த்த அடையாளம் தெரிந்தது. உள்ளிருந்த வைக்கோலும் காகிதமும் யாரோ அவசரமாகத் திணித்தபடி வந்து சேர்ந்தன. முன்பக்கம் கண்ணாடிக் கதவு. வலப்பக்கம் திருகி. திருகியைச் சுற்றி 100இலிருந்து 250 வரை எண்கள். ஒரு செம்மஞ்சள் விளக்கு, சூடேறும் மட்டும் எரிந்து, குறித்த வெப்பம் வந்ததும் அணைவது. பெரியம்மா அதன் முன்னால் கதிரை போட்டு இருந்துகொண்டு, விளக்கு அணைவதையும் எரிவதையும் கோயிலில் தீபாராதனை பார்ப்பது போலப் பார்த்தார். இனிச் சிவபுராணம் சொல்லவேண்டிய தேவை சாமிக்கு மட்டும்தான் என்றார்.

முதற் கேக்கே மேலே வெடித்தது. அடுத்ததும். கரை கறுத்து, நடுவில் ஈர்க்கைக் குத்தி இழுத்தால் மா ஒட்டிக்கொண்டு வந்தது. நடு அவியவில்லை என்றால் சூடு போதவில்லை என்றுதானே எவரும் நினைப்பார்? "கரண்ட் காணாது" என்று பெரியம்மாவும் சொல்லி, 180இல் இருந்த திருகியை 200க்கு ஏற்றினார். கரை இன்னும் கறுத்தது, நடு இன்னும் பச்சையாக இருந்தது.

ஒழுங்கைக்குள் வயரிங் வேலை செய்கிற அண்ணரைக் கூப்பிட்டோம். அவர் மீற்றரைச் செருகி, "அன்ரி, நூற்றியெண்பதுதான் நிக்குது. இருநூற்றி முப்பது வரவேணும்" என்றார். பெரியம்மாவுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. பெரியப்பா மட்டும் காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டார். ஓய்வுபெற்ற விஞ்ஞான வாத்தியார். எண் ஒன்று காதில் விழுந்தால் சும்மா விடமாட்டார். வெப்பச்சுருளின் வலு வோல்ற்றளவின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும். 230இல் 1500 வாற் தருகிற சுருள், 180இல் தருவது ஏறத்தாழ 920 வாற். ஐந்தில் மூன்று பங்குதான். "அப்ப சூடேற நேரம் எடுக்கும், அவ்வளவுதான்" என்றார். "ஆனா செம்மஞ்சள் லைற் அணையுதெல்லோ? அணைஞ்சா அது சொன்ன சூட்டுக்கு வந்திட்டுது எண்டுதானே அர்த்தம். வோல்ற்றேஜ் குறைஞ்சா அடுப்பு பிந்தும். பொய் சொல்லாது."

"அப்ப பொய் சொல்றது ஆர்?" என்றார் பெரியம்மா. தன் கையைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு அன்று முழுவதும் பெரியப்பாவோடு பேசவில்லை.

அடுத்த ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து பெரியம்மாவின் மகள், அக்கா, வந்தார். அம்மாவின் முறைப்பாட்டைத் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு அலுத்து, பயணப்பெட்டிக்குள் ஒரு சின்ன வட்ட வெப்பமானி கொண்டுவந்திருந்தார். அடுப்புக்குள் கம்பித்தட்டில் கொளுவி விடுவது. உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிச் சுருட்டிய பட்டி. சூடேறும்போது ஒன்று மற்றதைவிடக் கூட நீள, சுருள் முறுகி முள்ளைத் திருப்பும். மின்சாரம் வேண்டாம், பற்றரி வேண்டாம். 1990இல் இது கையில் இருந்திருந்தால் தடைப்பட்டியலுக்குள் அகப்படாத ஒரே கருவியாக இருந்திருக்கும்.

எண்கள் மட்டும் பாரன்ஹைட்டில். பெரும்பாலும் மெற்றிக் முறைக்கு மாறிவிட்ட கனடாவில் சமையலடுப்பு இன்னும் மாறவில்லை. பெரியப்பா 350க்குப் பக்கத்தில் 177 என்றும் 400க்குப் பக்கத்தில் 204 என்றும் ஒரு துண்டில் எழுதி அடுப்பில் ஒட்டினார்.

பெரியம்மா அந்த வெப்பமானியை நம்பவில்லை. "கனடாக் குளிருக்கை சரியாக் காட்டினது இஞ்சத்தை வெக்கைக்குச் சரியாக் காட்டுமே?" கேள்வி நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் பெரியப்பா சிரிக்கவில்லை. அளக்கிறதை முதலில் அளக்கவேண்டும் என்பது அவர் வாழ்நாள் முழுக்கப் படிப்பித்த பாடம். இடியப்பச் சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஆவியில் வெப்பமானியைத் தொங்கவிட்டு மூடினார். முள் 212க்கு வந்து நின்றது. மானிப்பாயில் தண்ணீர் 100 பாகை செல்சியசில்தான் கொதிக்கும். குடாநாட்டில் ஏறி நிற்க ஒரு குன்றுகூட இல்லை. "இதையே நுவரெலியாவிலை வைச்சுப் பார்த்திருந்தா தொண்ணூற்றி நாலிலை கொதிச்சிருக்கும். அங்கை படிப்பிச்ச காலத்திலை பருப்பு அவிய மத்தியானம் ஆகும்" என்று தொடங்கி, மலைநாட்டுக் கதை ஒன்றுக்குள் போய், தண்ணீர் வற்றும் மட்டும் வெளியே வரவில்லை.

பிறகுதான் அடுப்பு. கம்பித்தட்டின் நடுவில், கேக் இருக்கிற உயரத்தில், சுவரிலும் சுருளிலும் படாமல் வெப்பமானி. திருகி 180இல். செம்மஞ்சள் விளக்கு முதல் தடவை அணைந்தவுடன் பார்க்கக்கூடாது என்றார் பெரியப்பா. அப்போது காற்று மட்டும்தான் சூடு, சுவர் இன்னும் குளிர். விளக்கு சில தடவை எரிந்து அணையும்வரை அரைமணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்தோம். கதவைத் திறந்தால் சூடு பறந்துவிடும். அதனால் கண்ணாடிக்குள்ளால் ரோச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். முள் ஓரிடத்தில் நிற்கவில்லை. விளக்கு எரியத் தொடங்கும்போது 385, அணைந்து சற்று நேரத்தில் 415. எந்த அடுப்பும் இப்படித்தான் ஏறி இறங்கும்; நடுவில் உள்ளதை எடுக்கவேண்டும். நடு 400. அதாவது 204 பாகை.

180 என்று சொல்லிக்கொண்டு 204இல் எரிந்திருக்கிறது அடுப்பு. கரண்ட் காணாது, காணாது என்று பெரியம்மா 200க்கு ஏற்றிய நாட்களில் கேக் 225இல் வெந்திருக்கும். சூடு கூடினால் கேக்கின் கரையும் மேற்பக்கமும் முந்திக்கொண்டு இறுகிவிடும். நடு அப்போதுதான் பொங்கத் தொடங்கும். போக இடமில்லாமல் மேலோட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். கரை கறுத்துவிட்டதே என்று நாம் இறக்கும்போது நடு பச்சை. சூடு மிஞ்சியதால் வேகாத கேக் அது. பதினைந்து வருடமாக எல்லாமே காணாமல் வாழ்ந்த ஊருக்கு, ஒன்று கூடிப்போய்க் கெடுக்கிறது என்ற எண்ணம் வருவது லேசில்லை. விளக்கு மங்கினால் காணாது, கிணறு வற்றினால் காணாது, கூப்பன் மா காணாது. அந்தச் சொல்லை வாயிலிருந்து எடுப்பதற்கு ஸ்காபரோவிலிருந்து ஒரு முள் வரவேண்டியிருந்தது.

பெரியம்மா அப்போதும் விடவில்லை. எனவே சீனி. வெள்ளைச் சீனி உருகுவது ஏறத்தாழ 186 பாகையில். மினுங்கல் தாளைச் சின்னத் தோணியாக மடித்து ஒரு கரண்டி சீனியைப் போட்டு, திருகியை 165இல் வைத்தார் பெரியப்பா. அடுப்பு உண்மை பேசினால் கால்மணித்தியாலத்துக்குப் பிறகும் சீனி சீனியாகவே இருக்கவேண்டும். நெடுநேரம் விட்டுவிட்டால் அதற்குக் குறைந்த சூட்டிலும் சீனி மெல்ல நிறம் மாறும். அதனால் நேரத்தில் கண் வைக்கவேண்டும். கால்மணித்தியாலத்தில் தோணிக்குள் சீனி பாகாகிக் கரை பொன்னிறமாகியிருந்தது. பெரியம்மா அதையே உற்றுப் பார்த்தார். முள்ளை நம்பாதவருக்கு நிறம் புரியும். மாவின் நிறத்தை வைத்து எத்தனை கலியாணத்தை ஒப்பேற்றியவர்!

"அப்ப நான் 155இலை வைக்கவேணும்" என்றார்.

கடைசியாகப் பாண் துண்டுகள். இது அக்காவின் யோசனை. அச்சுப் பாணை ஒரே தடிப்பில் வெட்டி, கம்பித்தட்டு நிறைய இடைவெளி இல்லாமல் பரப்பி, சில நிமிடம் விட்டு எடுத்தோம். பின்பக்கம் வலது மூலையில் இருந்தவை கருகல். முன்பக்கம் இடதில் இருந்தவை வெறும் வெள்ளை. அடுப்பின் தேசப்படம் அது. பேக்கரிக்காரரோடு பெரியம்மா போட்ட சண்டையின் பொருள் அன்றைக்குத்தான் எனக்கு முழுதாக விளங்கியது. அதற்குப் பிறகு பாதிநேரத்தில் தட்டைத் திருப்பிவைப்பது வழக்கமாயிற்று. கருகல் பாண் கோழிக்குப் போனது.

வயரிங் அண்ணர் மறுபடி வந்து பின்தகட்டைக் கழற்றினார். திருகிக்குப் பின்னாலிருந்து மெல்லிய செப்புக்குழாய் ஒன்று அடுப்பின் உள்ளே போகிறது. நுனியில் பென்சில் தடிப்பில் ஒரு குமிழ், உள்ளே திரவம். சூட்டில் திரவம் விரிந்து ஆளியைத் தள்ளி மின்சாரத்தை நிறுத்தும். அந்தக் குமிழைப் பிடித்திருந்த கவ்வி கழன்று, குமிழ் பாதி பின்னுக்கு நழுவி இரண்டு தகட்டுக்கும் இடையே நின்றது. உள்ளே இருக்கிற சூட்டில் ஒரு பங்கைத்தான் அது உணர்ந்திருக்கிறது. ஏ9இன் குழிகளில் குலுங்கிக் கழன்றதா, முதலிலேயே அப்படித்தானா, யார் கண்டார்?

"முன்னுக்குத் தள்ளிக் கவ்வினாச் சரி, அன்ரி. பத்து நிமிச வேலை."

பெரியம்மா மறித்துவிட்டார். "வேண்டாம், தம்பி. இப்ப அது எவ்வளவு பிழை எண்டு எனக்குத் தெரியும். நீர் திருத்தினா அது எவ்வளவு சரி எண்டு ஆருக்குத் தெரியும்?"

பெரியப்பாவுக்குக் கோபம் வந்தது. திருத்தக்கூடிய பிழையை ஒருவர் வேண்டுமென்றே வைத்துக்கொண்டிருப்பது அவருடைய விஞ்ஞானத்துக்கு அவமானம். எனக்கோ பெரியம்மாவின் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது, இப்போதும் படுகிறது. எண் எதுவாக இருந்தாலும் ஒவ்வொரு நாளும் அதே அளவு பிழைக்கிற அடுப்போடு வேலை செய்யலாம். ஒருநாள் கூடவும் ஒருநாள் குறையவும் எரிகிற அடுப்போடு முடியாது. நாட்கள் இடைவிட்டுப் பார்த்தபோதும் அந்த முள் நானூறை விட்டு அதிகம் விலகவில்லை. அந்த வாரம் ஒரு கலியாண ஓடரும் இருந்தது. திருகியைச் சுற்றி மருந்துப் பிளாஸ்ரர் ஒட்டி, அதில் நீலப் பேனையால் புதிய எண்களை எழுதினார். பட்டர் கேக்குக்கு 155, ரிச் கேக்குக்கு 125. கொப்பியிலும் பழைய எண்களை வெட்டிப் புதியவற்றை எழுதினார். கேக் மேலே வெடிப்பது நின்றது.

ஆனால் அந்தக் கொப்பியை ஒழுங்கையில் பலர் இரவல் வாங்குவது வழக்கம். மூன்றாம் வீட்டு அக்கா தன் மகளின் பிறந்தநாளுக்கு அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போய், 155இல் வைத்து, தன் அடுப்பில் ஒரு பட்டர் கேக் செய்தார். வெளிறி, நடு இறங்கி, பசைபோல வந்தது. கேக்கைத் தட்டோடு தூக்கிக்கொண்டு படலையைத் திறந்தார்.

"மாமி, நீங்கள் எதையோ ஒளிச்சுப்போட்டுத்தான் எழுதியிருக்கிறியள்."

"நான் ஏன் பிள்ளை ஒளிக்கிறன்? உம்மடை அடுப்பு நேர்மையானது போலை."

அந்தப் பதிலை அவர் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒழுங்கை முழுவதும் பெரியம்மாவின் தொழில் இரகசியம் பற்றிப் பேச்சு அடிபட்டது. முட்டைக்கணக்கில் ஒன்றை மறைத்தார் என்றார்கள், வனிலாவுக்குப் பதிலாக ஏதோ கனடாச் சாமான் என்றார்கள். ஓடர் அந்த மாதம் கூடியதுதான் மிச்சம். கடைசியில் பெரியப்பாதான் வெப்பமானியைக் காகிதத்தில் சுற்றி, பாவிக்கும் முறையையும் பாரன்ஹைட் மாற்றல் அட்டவணையையும் தன் வாத்தியார் எழுத்தில் எழுதி, மூன்றாம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அங்கிருந்து அது ஐந்தாம் வீட்டுக்குப் போனது, அங்கிருந்து சுதுமலையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு. மூன்றாம் வீட்டு அடுப்பு நேர்மையானதுமில்லை. 180 என்று வைத்தால் 165தான் வந்தது. ஐந்தாம் வீட்டில் வைத்ததைவிடக் கூட வந்தது. சுதுமலை அடுப்பு காலையில் ஒன்றும் பின்னேரம் ஒன்றும் சொன்னது. அதைப் பழுதுபார்க்கிறவரிடம் அனுப்பினார்கள்.

திருகியில் உள்ள எண்ணும் வெப்பமானியும் ஒன்றாக நின்றது ஒரேயொரு வீட்டில்தான். எங்களுக்கு எதிர்வீடு. மகன் லண்டனிலிருந்து காசு அனுப்பி வாங்கிக்கொடுத்த பெரிய அடுப்பு. வெப்பமானியை வைக்கப்போன பெரியப்பா கதவைத் திறந்து, முதலில் உள்ளே இருந்த மோர்மிளகாய்ப் போத்தலையும் வடகத் தகரத்தையும் எடுத்து வெளியே வைக்கவேண்டியிருந்தது. எறும்பு ஏறாத இடம் வீட்டில் அது ஒன்றுதானாம்.